பங்கு இருக்கும்போது எப்படி விற்பார்கள்?

காரைக்குடியில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோய்க்குறிப்புகளுக்கு எண் போடும் வேலை. ஒரு வருடம் சம்பள உயர்வு கிடையாது என்று சொல்லி, பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் கம்பெனிப் பங்கு கொடுத்தார்கள். இனி நீங்களும் முதலாளிகள் என்று லட்டு வேறு.

பங்கைப் பற்றி எனக்குத் தெரியாதா? நாட்டரசன்கோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு இருபத்தேழு பங்காளிகள். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் விற்க முடியாது. மலேசியாவில் இருக்கும் சித்தப்பா ஒருவர் மாட்டேன் என்றதால், வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். கூரை ஒழுகினாலும் வீடு எங்களிடமே இருக்கிறது. கம்பெனிப் பங்கும் இந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்த பத்திரம் நாற்பது பக்கம். முதல் பக்கத்தைப் படித்தேன், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என் டீமில் நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி. கணவர் இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம். அவளுக்குத் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது.

"கம்பெனிய விக்கப்போறாகன்னு பேசிக்கிறாகண்ணே. வேலைய விட்டு நின்னுறவா?" என்று கேட்டாள்.

"நம்ம கையெழுத்து இல்லாம எப்புடி விப்பாக? நீ நின்னா பங்குதான் போயிரும். பேசாம இரும்மா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நான்கே மாதத்தில் கம்பெனியை விற்றுவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய பங்குக்காரர்கள் விற்றால் எங்கள் பங்கும் கூடவே போய்விடும் என்று பத்திரத்தில் இருந்ததாம். முதல் போட்டவர்கள் எடுத்துக்கொண்டது போக எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இதைச் சொன்ன ஈமெயில் 'வாழ்த்துகள்' என்று தொடங்கியது. கீபோர்டைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. அதுவும் கம்பெனியுடையது என்று சும்மா இருந்தேன்.

காரைக்குடி ஆபீசை மூடப்போவதாக அறிவித்தார்கள். அவள் திருப்பத்தூருக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். இதில் அரசன் நான்.

புதிய முதலாளிகள் சென்னைக்கு ஒரே ஒருவரைக் கூப்பிட்டார்கள். என்னைத்தான். மூன்று நாள் வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. கடைசி நாள், தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்த அவளிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"போயிட்டு வாங்கண்ணே, நல்லா இருப்பீக" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அங்க ஏதாச்சும் எடம் இருந்தா எனக்குச் சொல்லுவீகளா?" என்று கேட்டாள்.

வேறு யாரையும் எடுக்கமாட்டார்கள் என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"கட்டாயம் சொல்றேம்மா. நம்பி இரு" என்றேன்.