உள்ளங்கையில் எழுதிய சங்கீதம்

பத்து வயதில் எங்கள் சபையில் என்னைவிடப் பெரிய நீதிமான் யாரும் கிடையாது. யார் யார் பரலோகம் போவார்கள் என்று நான் மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அம்மாவின் ஒரே தம்பியான மாமா அதில் இல்லை. குடித்துவிட்டுப் பாறசாலைச் சந்தையில் விழுந்து கிடந்தவருக்கு எப்படி இடம் கொடுப்பேன்?

அந்த வருடம் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து எழுந்த பிறகு மாமா குடியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து எடுக்கப்போவதாக அவர் சொன்னபோது அம்மா வாய்விட்டு அழுதாள். எட்டு வருடமாக அவர் பீடத்தின் பக்கம் போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய நாளான சனிக்கிழமை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடப் போட்டி. பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் முழுவதும் சொல்ல வேண்டும். எனக்குப் பாதிதான் மனதில் நின்றது. மீதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் முதலாவதாக வந்துவிட்டேன். மறுநாள் திருவிருந்துக்கான ஆயத்த ஆராதனைக்கு வந்த மாமா வாசலில் என் கையைப் பிடித்தவர், வியர்வையில் கரைந்திருந்த மையைப் பார்த்துவிட்டார். குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தேய்த்துக் கழுவிவிட்டார்.

“ஒனக்க அம்மை காணண்டாம், மக்கா,” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பிள்ளைகள் நாங்கள் பீடத்துக்கு முன்னால் பாயில் இருந்தோம். திருவிருந்துக்கான வரிசையில் மாமா வந்தார். நான் எட்டி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, குடிகாரங்க எடுக்கப்பிடாது. பாவமாக்கும்!”

மெதுவாகவும் சொல்லவில்லை, பாவி நான். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமா என் கையைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் பரிசும் மானமும் அங்கேயே போயிருக்கும்.

“செரி மக்கா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய் முழங்காலிட்டார்கள். அந்த வரிசைக்கு அவர் மறுபடி வர இரண்டு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கத்தில் எனக்கு முகம் எரிகிறது.

ஆராதனை முடிந்ததும் போதகர் என் பெயரைக் கூப்பிட்டுப் பரிசைக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டி ஓய்ந்த பிறகும் கடைசி பெஞ்சில் மாமா மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, வீடு சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.