தீர்வை ரசீதில் வைத்த குங்குமம்

பக்கத்து வீட்டுப் பெண் வக்கீலுக்குப் படிக்கிறாள். போன வாரம் காலையில் ஒரு தாளோடு வந்தாள். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுகளைச் சீர்ப்படுத்த ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். "மாமா, கோர்ட்டுப் பக்கம் போயிருக்கேளா? போயிருந்தா என்ன கஷ்டம்னு மூணு வரியில எழுதுங்கோ" என்றாள்.

எட்டாவதோடு நின்றவன் நான். மூன்று வரியில் அடக்குவதெல்லாம் படித்தவர்கள் வேலை. அதோடு அப்போதுதான் பூஜையிலிருந்து எழுந்து வந்திருந்தேன். வாங்கிய தாளின் ஓரத்தில் விரல் குங்குமம் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், மனசு ஒரே தாவாக முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது. அவளுக்கு எழுதாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். உடம்பில் சுக்கு வாசனை சோப்புக்கும் போகாது. என் தங்கை புருஷன் அதே கடைத்தெருவில் கைவண்டி இழுத்தான். ஒருநாள் வண்டிக்கு வழி விடுவதில் சண்டை, எதிராளிக்கு ஒரு பல் போயிற்று. மச்சானைச் சப் ஜெயிலில் வைத்தார்கள். தங்கைக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். "அண்ணே, அவுக வராம நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

ஜாமீன் என்னவோ கிடைத்துவிட்டது. ஆனால் நிலவரி கட்டிய ரசீதோடு ஒருவர் பிணை நின்றால்தான் வெளியே விடுவார்கள். வாடகை அறைக்காரர்களுக்குக் கொச்சியில் ஒரு சாண் மண் ஏது? முதலாளியிடம் கேட்டேன். "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று யார் எந்த பாஷையில் சொன்னாலும் பலன் ஒன்றுதான்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் என் பெயரில் அரை ஏக்கர் இருந்தது. ரயிலேறிப் போய்த் தீர்வை ரசீதையும் பத்திர நகலையும் எடுத்துவந்தேன். தங்கை ரசீதைப் பகவதி படத்தின் முன்னால் வைத்து விளக்கேற்றி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் தாராளமாகக் குங்குமம் இட்டாள். கல்யாணப் பத்திரிகையானாலும் கிரயப் பத்திரமானாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான். ஈரக் குங்குமம் போய் உட்கார்ந்த இடம் சர்வே நம்பர். நான் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேனே!

கோர்ட்டுக்குப் போனால் நாற்காலி காலி. இருந்த மாஜிஸ்ட்ரேட் மாற்றலாகிப் போயிருந்தார், புது ஆள் வரவில்லை. வேறு கோர்ட்டுக்காரர் இதையும் சேர்த்துப் பார்த்தார். வாரத்தில் ஒருநாள் வருவார், வராமலும் இருப்பார். ஒன்பது நாள் வராந்தாவில் கிடந்தேன். என் பக்கத்தில் தோப்பும்படியில் மீன் விற்கிற ஒரு சேச்சி, அவளும் மகனுக்குப் பிணை தேடி அலைகிறவள். என் தங்கை, மச்சான், சுக்கு, முதலாளி, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் ஒருநாள் அந்தக் காலி நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கசேர மட்டும் ஒருநாளும் லீவு எடுக்கல மோனே. அதுகிட்டயே கேஸ் சொல்லிட்டுப் போவமா?" வராந்தாவே சிரித்தது.

பத்தாம் நாள் புது மாஜிஸ்ட்ரேட் வந்தார். சின்ன வயசு அம்மா. கிளார்க் என் ரசீதைத் தூக்கிப் பிடித்தார். "இது ரசீதோ, பிரசாதமோ? தமிழாணு மேடம், நம்பரும் காணான் இல்ல."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஆரா குங்குமம் வச்சது?"

"தங்கச்சிங்கம்மா. நிறைமாசம்."

"பூமிக்கு நாலு அதிர் பறயாமோ?"

எல்லைதானே, தூக்கத்திலும் சொல்வேன். "கிழக்க வாய்க்கா. மேக்க சித்தப்பா வெளை. வடக்க கோயில் நெலம். தெக்க... தெக்க வரப்புல ஒரு தகராறு உண்டும்மா."

இப்போது அவரே சிரித்துவிட்டார். "தகராறு உண்டெங்கில் பூமியும் உண்டு." கட்டைவிரலால் குங்குமத்தை மெல்லத் துடைத்தார். நம்பர் தெரிந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு வக்கீலைக் கூப்பிட்டு, நான் சொன்ன எல்லையெல்லாம் என் பத்திர நகலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அந்தச் சிவந்த விரலோடேயே கையெழுத்துப் போட்டார். பகவதியே வந்து உட்கார்ந்ததாக நான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் சேச்சி என் முதுகில் தட்டினாள். "ஓடு மோனே. கொச்சு வரும்முன்ன அச்சன் வரணும்." குழந்தைக்கு முன்னால் அப்பன் போய்ச் சேரணுமே, ஓடினேன். பின்னால் அவள் மகன் கேஸைக் கூப்பிடுவது காதில் விழுந்தது, நிற்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் பெண் பிறந்தபோது மச்சான் பிரசவ அறை வாசலில் நின்றான்.

இப்போது அந்தக் கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. நாற்காலி காலியாகக் கிடப்பதில்லை. ஜெயிலில் இருப்பவரைத் திரையிலேயே பார்த்து விசாரிக்கிறார்கள், அடுத்த தேதி போனுக்கு வந்துவிடுகிறது. எல்லாம் நல்லதுக்குத்தான். யாரும் அப்படிக் காத்துக் கிடக்க வேண்டாம்.

குழந்தை பிறந்த மறுவாரம் லட்டு வாங்கிக்கொண்டு பழைய வராந்தாவுக்குப் போனேன். சேச்சி இல்லை. தோப்பும்படி மீன் சந்தையில் போய் நின்றேன். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார்கள். ஒன்பது நாள் என் கதையெல்லாம் கேட்டவளிடம் அவள் பெயரை நான் கேட்டதில்லை, அவள் மகன் பெயரையும்.