பூத்தாள் ஒட்டிய சுவர்

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்த மீனம்மா எடுத்த எடுப்பில் குறை சொல்லவில்லை. வாசல் இஸ்தோப்பின் ஓரமாக உட்கார்ந்து, நாகலெட்சுமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. தையல்ல ஒரு கொறையும் இல்ல. துணியிலதான் ஒரு வாடை அடிக்குது. அலசிப் பாத்துட்டேன், போகல."

நாகலெட்சுமி முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மழைக்குச் சரியாகக் காய்ந்திருக்காது என்று சமாளித்து அனுப்பினாலும் மனது சுருங்கிப் போயிற்று. முழங்கால் தேய்ந்து கொழுந்து பறிப்பை விட்ட பிறகு, டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளைத் தேடி ஆட்கள் வருவது தையல் மெஷினுக்காகத்தான். சுத்தமான கை என்று பெயரெடுத்தவள்.

தைத்த துணிகளை உள் காம்பராவில் அடுக்கி வைப்பாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் இருப்பதே இரண்டு காம்பராக்கள். முன்பக்கம் சமையலும் மெஷினும், உள்ளே படுக்கை. உள் காம்பராவின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருந்ததால் வருசம் முழுக்க ஓதம் காத்துக் கிடந்தது. மகன் கிஷாந்த் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். ஒருமுறை லீவில் வந்தபோது அந்தச் சுவர் முழுவதையும் மறைத்து மெல்லிய பலகை அடித்து, மேலே நீலப்பூத் தாள் ஒட்டினான்.

"இனிமே குளிர் உள்ள வராதும்மா" என்றான்.

லயத்துச் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. லீவு முடிந்து அவன் திரும்பிப் போன பஸ் வழியில் பள்ளத்தில் உருண்டது. வீட்டுக்குப் பெட்டியில்தான் வந்தான்.

அதற்குப் பிறகு அவள் புருசன் அழகுமுத்து தன் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். வாய்விட்டு அழுதவரல்ல. படுத்தபடி பூத்தாளை ஒரு கையால் தடவிக்கொண்டிருப்பார். நாளடைவில் அவருக்கு இருமல் பிடித்தது. தேயிலை ஃபேக்டரியில் காலமெல்லாம் தூசியில் நின்ற உடம்பு, அதுதான் என்றார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நாகலெட்சுமியும் நம்பினாள்.

மீனம்மா வந்துபோன பிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கண்டது. மகள் நிலக்ஷிக்குப் பிரசவம் என்று இருவரும் பட்டிப்பொலவுக்குப் போய் ஒரு மாதம் தங்கினார்கள். டிக்கோயாவைவிட உயரமான இடம், விறைக்கிற குளிர். அங்கே அழகுமுத்துவுக்கு இருமல் தணிந்தது. பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார். வீடு திரும்பிய இரண்டாம் நாளே பழையபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குளிரால் வருகிற இருமல் என்றால் பட்டிப்பொலவில் அல்லவா கூடியிருக்க வேண்டும்?

ஒரு மாதம் வெளியே இருந்து வந்ததில் அவளுடைய மூக்குக்கும் புத்தி வந்திருந்தது. கதவைத் திறந்தவுடன் அந்த வாடை அடித்தது. நனைந்த சாக்கை மூட்டை கட்டிப் போட்டதுபோல ஒரு புழுங்கிய வாடை. முன்பக்கத்தில் லேசாக இருந்தது. சுவர்ப்பக்கம் போகப் போகக் கூடியது. தாளில் இருந்த நீலப்பூக்களில் கீழ்வரிசை பழுப்பேறியிருந்தது. ஆணி அடித்த இடங்களிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தது. கட்டிலை நகர்த்தி, தாள் உப்பியிருந்த இடத்தை விரலால் அழுத்தினாள். தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு மாதிரி பலகை உள்ளே போனது.

"என்னங்க, பலகைக்குப் பின்னால பூசணம் பூத்திருக்கு. அந்தக் காத்தைத்தான் நீங்க இழுக்கிறீங்க. கழட்டிப் பாப்போமா?"

அழகுமுத்து அவளைப் பார்க்கவில்லை. "அவன் கை பட்டது லெட்சுமி. நான் இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. மகன் பலகையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வாயில் ஆணியைக் கவ்வியபடி நின்ற கோலம் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்குள் வரும். அதைத் தானே பிய்த்தெறிவதா? கட்டிலை மட்டும் எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டாள். மறுநாள் அது பழைய இடத்தில் இருந்தது.

அடுத்த மழையில் அவருக்கு மூச்சு இரைத்து உதடு நீலம் பாய்ந்தது. பக்கத்து வீட்டு ஜீவராஜ் தன் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வார்டில் இருந்த சிங்கள டொக்டரம்மா, தெரிந்த தமிழில் நிதானமாகக் கேட்டார். "வீட்டுல சுவர் ஈரமா அம்மா? கறுப்புப் புள்ளி இருக்கா?"

நாகலெட்சுமி ஆமென்று தலையாட்டினாள்.

மறுநாள் காலையிலேயே ஜீவராஜை அலவாங்குக் கம்பியோடு கூப்பிட்டாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். முதல் பலகை நெம்ப வேண்டியே இருக்கவில்லை, கையோடு வந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கரும்பச்சையாகப் பூசணம் வெல்வெட்டுத் துணி மாதிரி படர்ந்திருந்தது. இடையிடையே வெள்ளை நூல்கள் வேர்விட்டிருந்தன. அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"சித்தி, நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றான் ஜீவராஜ்.

அவள் போகவில்லை. கடைசிப் பலகைவரை தானே வாங்கி வாங்கி வெளியே போட்டாள். எரிக்கப் பார்த்தார்கள், பற்றவில்லை. ஜீவராஜ் எல்லாவற்றையும் அள்ளிக் கீழே பள்ளத்தில் கொட்டினான். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய், மண் மூடிக் கிடந்த தண்ணிக் கானை வெட்டிவிட்டான்.

அழகுமுத்து மெலிந்து வீடு வந்தார். உள் காம்பரா வாசலில் நின்று வெறும் சுவரைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். நீங்கதான் விடல."

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் காம்பராவுக்குள் கால் வைக்கவில்லை. முன்பக்கத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தார். சுவரும் காய்ந்தபாடில்லை. தோட்டத்து ஆபீசில் சொன்னபோது பார்ப்போம் என்றார்கள். அவள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் துடைப்பாள். கொஞ்ச நாளில் மூலையில் மறுபடி புள்ளி வைக்கும். கெட்டுப்போன நெஞ்சு இனிமேல் பழையபடி ஆகாது, ஈரத்தில் இருந்தால் இன்னும் மோசமாகும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் நிலக்ஷி வந்து அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் போய்விட்டால் தோட்டம் கொடுத்த வீடு கைவிட்டுப் போய்விடும் என்று நாகலெட்சுமி மட்டும் தங்கினாள். ஊர் அறிய ஒன்றாக வாழ்ந்தவர்கள் இந்த வயதில் ஆளுக்கொரு மலையில் ஆனார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை நிலக்ஷியின் போனில் அவர் பேசுவார். அதிகம் பேச மாட்டார். இருமல் எப்படி என்று அவள் கேட்பாள். குறைவு என்பார். போன வாரம் அதையும் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"லெட்சுமி."

"சொல்லுங்க."

"நம்ம நல்லதுக்குன்னுதானே அடிச்சான். இப்படி ஆகும்னு அவனுக்குத் தெரியாதில்ல."

"தெரியாதுங்க" என்றாள். "யாருக்குமே தெரியாது."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அந்தப் பக்கத்து மூச்சைக் கேட்டபடி நின்றாள்.