வேலப்பன்சாவடி வயலில் இறங்கிய விமானம்

எண்பதுகளின் பிற்பாதியில் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். என் முதலாளிக்கு விமானம் ஓட்டும் பைத்தியம். நண்பர் ஒருவரின் நான்கு இருக்கை விமானத்தை அவ்வப்போது கேட்டு வாங்கி ஓட்டுவார். ஒரு ஐப்பசியில், பெங்களூர் கம்பெனி ஒன்றில் வரைபடங்களை விளக்க என்னையும் அதில் அழைத்துப் போனார்.

திரும்பும் நாளில் பெட்ரோல் வண்டி வரத் தாமதமானது. அவருக்கோ சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்றார். வானிலை அலுவலகத்தில் காற்று விவரம் கேட்டு வரட்டுமா என்றேன். வரும்போது ஒன்றரை மணி நேரம்தானே ஆயிற்று என்று சிரித்தார். வரும்போது காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருந்தது. இனி அதே காற்று எதிரே நிற்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ராணிப்பேட்டை தாண்டியதும் மழை மேகம். சுற்றிக்கொண்டு போனோம். ஸ்ரீபெரும்புதூர் ஏரி தெரிந்தபோது அவர் பெட்ரோல் முள்ளை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்கு மேலே இன்ஜின் இரண்டு முறை திணறி நின்றது.

"ரோடு பூரா லாரி. வயல்ல இறக்கிடறேன்" என்றார்.

வேலப்பன்சாவடிப் பக்கம் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். முதுகு எங்கள் பக்கம். இன்ஜின் ஓடியிருந்தால் சத்தம் கேட்டு விலகியிருப்பார்கள். கடைசியில் இருந்தவள் மட்டும் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். இறக்கை அவளை அடித்தது. அடுத்த நொடி மூக்கு சேற்றில் குத்தி விமானம் கவிழ்ந்தது.

எங்களை வெளியே இழுத்துப் போட்டவர்கள் அந்தப் பெண்கள்தான். அதற்குப் பிறகே அவளிடம் ஓடினார்கள். அவள் செத்திருந்தாள். முதலாளிக்குத் தோள் எலும்பு முறிந்தது. எனக்கு நெற்றியில் நாலு தையல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவர் சொல்லிக்கொடுத்தார். இன்ஜின் கோளாறு, டேங்க் உடைந்து பெட்ரோல் சேற்றில் போய்விட்டது, கிளம்பும்போது நிறைய இருந்ததை நானும் பார்த்தேன் என்று. விசாரணைக்கு வந்தவரிடம் அப்படியே ஒப்பித்துக் கையெழுத்துப் போட்டேன். குரல்கூட நடுங்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் புருஷன் பட்டறை வாசலுக்கு வந்தான். செங்கல் சூளையில் வேலை செய்பவன். முதலாளி என்னைத்தான் அனுப்பினார்.

"வயல்ல கொஞ்சம்கூட பெட்ரோல் வாசன வரலன்னு பொம்பளைங்க சொல்லிகினு கீறாங்க சார். மிசினு கெட்டுச்சா, பெட்ரோல் போடாத வந்துட்டீங்களா?"

"மிசினுதான் கெட்டுச்சு" என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டான்.

"அப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க. நீங்களாவது பொழச்சீங்களே. தையலு வலிக்குதா சார்?"

இல்லை என்றேன். அவன் போனதும் உள்ளே வந்து, நம்பிவிட்டான் என்று முதலாளியிடம் சொன்னேன். தை மாதம் என்னைத் தலைமை வரைவாளர் ஆக்கினார். வேண்டாமென்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த வருஷமே அவர் மறுபடி விமானம் ஓட்டத் தொடங்கினார்.