ஆபரேட்டர் வெட்டிய ஐந்து பாட்டுகள்

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவியும் புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி பார்த்தோம். பழைய ஹாலிவுட் படம். ஆடலும் பாடலுமாக எடுக்கப்பட்டது. அப்போதெல்லாம் இங்கிலீஷ் படத்துக்கு விநியோகஸ்தர்களே ஒரு தமிழ்ப் பெயர் வைத்துப் போஸ்டர் ஒட்டுவார்கள். பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் என் நோட்டில் அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்தேன். அசல் பெயரைக் குறிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

படம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மஞ்சள் கவுன் போட்ட கதாநாயகி மாடிப்படியின் முதல் படியில் கால் வைக்கிறாள், வயலின்கள் எழுகின்றன, பாடுவதற்கு மூச்சை இழுக்கிறாள். அடுத்த கணம் அவளும் நாயகனும் காலைச் சாப்பாட்டு மேசையில் தலை கலைந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் நாலு சமையல்காரர்கள் கரண்டியைத் தூக்குகிறார்கள். மறுநொடி தரையெல்லாம் உடைந்த தட்டு. மூன்றாவது முறை இப்படி ஆனபோது என் மனைவி காதருகே சாய்ந்து கேட்டாள்.

"என்னங்க, இவங்க பாட வரும்போது மட்டும் கரண்ட் போயிருதா?"

வீட்டுக்கு வெளியே அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

கரண்ட் போகவில்லை. பகல் காட்சிக்குத் தமிழ்ப் படம். அந்தக் கூட்டம் வாசலில் சேருவதற்குள் இங்கிலீஷ் படத்தை முடிக்க வேண்டும். அதனால் அந்தத் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் பாட்டுகளை வெட்டிவிடுவார். தமிழ்ப் படத்தில் ஒரு பாட்டை வெட்டினால் நாற்காலி உடையும். இங்கிலீஷ் படத்துக்கு வருகிறவர்கள் சண்டைக்காக வருகிறவர்கள், பாட்டை யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத படத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார். வெளியே டீக்கடையில் நின்ற ஆபரேட்டரிடமே கேட்டேன். சண்டைக் காட்சியில் தான் கையே வைப்பதில்லை என்றும், இந்தப் படத்தில் ஒரு சண்டைகூட இல்லாததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்றும் சொன்னார்.

அன்றைக்குக் கந்தர்வகோட்டையில் மாமனார் வீட்டில் விருந்து. பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். முந்திரிக்காடு தொடங்கும் இடத்தில் அவளாகவே ஆரம்பித்தாள். "அந்தப் படியில என்ன நடந்திருக்கும் தெரியுமா? அவ ஏறிக்கிட்டே பாடுறா. படிக்கு ஒரு வரி. மேல போயித் திரும்பிப் பாக்குறா, கீழ நின்ன ஆளக் காணோம்." சமையல்காரர்கள் பாட்டையும் சொன்னாள், கையைத் தூக்கி ஆடியும் காட்டினாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இப்படி நாலு பாட்டு.

ஐந்தாவதை மட்டும் அவள் சொல்லவில்லை. அது படத்தின் முடிவு. ரயில் வந்து நிற்கிறது, நாயகன் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறான், இசை தொடங்குகிறது. அத்தோடு தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கதாநாயகி ரயிலிலிருந்து இறங்கினாளா, வரவே இல்லையா, எங்களுக்குத் தெரியாது. "அது எனக்குத் தெரியலங்க" என்றாள் என் மனைவி. ஊர் வந்துவிட்டது. வெட்டுப்பட்ட ஐந்து இடங்களையும் அன்றே நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அரைப்பக்கம் காலியாக விட்டேன்.

அதன் பிறகு அந்த வகைப் படங்களை எங்கே கண்டாலும் பார்த்தேன். முதலில் டிவியில், பிறகு சிடியில், இப்போது போனில். அசல் பெயர் தெரியாததால் அந்தப் படம் மட்டும் கிடைக்கவில்லை. திடீரென்று ஏன் பாடுகிறார்கள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். என்னைப் பிடித்து இழுத்தது வேறு. அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்களில் ஆடுகிறவர்களைத் தலை முதல் கால் வரை முழுசாகக் காட்டுவார்கள். ஒரு பாட்டின் பெரும்பகுதி ஒரே ஓட்டமாக, வெட்டே இல்லாமல் போகும். வானம் துணியில் தீட்டியது என்று பார்த்தாலே தெரியும். அந்த வானத்தின் கீழ் ரெண்டு பேர் ஒருவர் அடுத்து எங்கே கால் வைப்பார் என்று மற்றவருக்குத் தெரிந்து ஆடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்ட வேண்டும்போல இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் இப்போது ஆள் இல்லை. மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போனவள், மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லிப் பதினான்கு மாதமாகிறது. திருவரங்குளம் வீட்டில் நான் மட்டும். சென்ற புரட்டாசியில்தான் போனில் எதையோ தேடும்போது அந்த மாடிப்படியும் மஞ்சள் கவுனும் கண்ணில் பட்டன. அதே படம். ஓடும் நேரத்தைப் பார்த்தேன். நாங்கள் பார்த்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உடனே அவளுக்கு அனுப்பினேன்.

"நான் வந்து சேந்து பாப்போம். நீங்க முந்திறக் கூடாது" என்றாள். சரி என்றேன். நோட்டை எடுத்து, சேர்ந்து பார்க்கும் மாதம் என்று பென்சிலால் ஐப்பசி எழுதினேன். தீபாவளிக்கு அவளால் வர முடியவில்லை. அழித்துத் தை எழுதினேன். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அதுவும் போயிற்று. ரெண்டு முறை படத்தைத் திறந்து, பெயர் வரும் முன்பே மூடியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன். சுற்றிச் சுற்றிப் பேசினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. பேத்தி சோறு உண்ணாமல் அடம்பிடித்தாளாம். கையில் பிசைந்த சோறு. எதையாவது போட்டுக் காட்டுவோம் என்று விரலால் தொட்டதில் அந்தப் படம் ஓடிவிட்டதாம். மஞ்சள் கவுனைப் பார்த்ததும் குழந்தை வாயைத் திறந்திருக்கிறது. ரசம் சோறு, தயிர் சோறு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊட்டி முடிவதற்குள் நாலு பாட்டு ஓடிவிட்டது.

"வைவீங்கன்னு ரெண்டு நாளாச் சொல்லல."

இத்தனை மாதம் நான் தொடாமல் வைத்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

"படியில என்ன நடக்குதுன்னு சொல்லவா?"

"சொல்லு."

"அவ ஏறவே இல்லீங்க. வச்ச கால எடுத்துட்டு எறங்கிர்றா. பாட்டு முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் கீழயே ஆடுறாங்க. அன்னைக்கு பஸ்ல நான் சொன்னது பூராம் தப்பு."

"நீ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது, இவள் அதட்டினாள். பிறகு நான்தான் ஐந்தாவது பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ரயில் வந்து நின்னுச்சு. பாப்பா வாயத் தொடச்சுவிட்டு படத்த அணச்சுட்டேன். அத அங்க வந்துதான் பாக்கணும்."

"எப்ப வார?"

வைகாசியில் சம்பந்தியம்மா மஸ்கட்டுக்கு வருவதாகப் பேச்சிருக்கிறது என்றாள். அவர் வந்துவிட்டால் இவள் கிளம்பலாம். வந்தால்தான்.

போனை வைத்ததும் நோட்டை எடுத்தேன். நாலு பாட்டுக்கும் அவள் பஸ்ஸில் சொன்னதை, நினைவிருக்கிற வரை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். ஐந்தாவதன் அரைப்பக்கத்தை அப்படியே விட்டேன். பிறகு தையை அழித்தேன். ரெண்டு தடவை அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. கிழிந்துவிடாமல், பென்சிலை அழுத்தாமல், வைகாசி என்று எழுதினேன்.