தொடக்கூடாத கை

எங்கள் மதுரைவீரன் சித்தப்பா விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றால் இன்றைக்கும் அன்னவாசலில் சிரிப்பார்கள். கல்லுடைத்தே செத்தவனுக்கு விமானமா என்பார்கள். சிரிக்கட்டும். ஒரே ஒருவரைத் தவிர, ஏறினவர்களையும் இறங்கினவர்களையும் முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைத்தது அவர்தான்.

யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் ஒன்று ஊருக்குக் கிழக்கே பொட்டலில் கிடந்தது. 1951-இல் ஒரு தனியார் கம்பெனி மதராஸிலிருந்து அங்கே சின்ன விமானம் விட்டது. சித்தப்பாவுக்கு ஏணி தள்ளும் வேலை. பின்பக்கக் கதவில் ஏணியை வைத்து ஆட்களை இறக்கி, வால் பக்கமாகச் சுற்றி எதிர்ப்பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். இறங்குகிற பக்கத்து இஞ்சினை மட்டும் நிறுத்துவார்கள். மறுபக்கத்து இஞ்சினும் அதன் முன்னாலிருக்கும் காத்தாடியும் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திக் கிளப்பினால் நேரம் வீணாம். வேகமாகச் சுற்றும் காத்தாடி கண்ணுக்குத் தெரியாது, அந்த இடம் வெறும் வெளிபோலத்தான் இருக்கும். இரைச்சலில் யார் காதில் என்ன விழும்? அதனால் சித்தப்பா வாயை நம்பாமல், மணிக்கட்டைப் பிடித்து வால் பக்கம் திருப்பிவிடுவார்.

ஒருநாள் மிராசுதார் ஒருவர் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விமானத்தின் மூக்குப் பக்கமாக நடந்தார். சித்தப்பா பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தார். உயிர் தப்பிய மனிதர் நேரே குழாயடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சேரிக்காரன் தொட்டுவிட்டானாம். ஈரத்தோடு போய் மேனேஜரிடம் கத்தினார்.

மேனேஜர் சித்தப்பாவைக் கூப்பிட்டார். "இனிமே ஒருத்தரையும் தொடக் கூடாது. கையக் கட்டிக்கிட்டு வாயால சொல்லு. மீறுனா வேலை கெடையாது."

இழுக்காமல் எப்படி என்று சித்தப்பா கேட்டதற்கு, மரியாதையாகச் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. அந்த மேனேஜர் ஒருநாளாவது ஏணியடியில் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இந்த வேலை போனால் மறுபடி குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைக்கத்தான் போக வேண்டும். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, "சுத்திப் போங்க, சுத்திப் போங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார்.

அந்தத் தையில் அழகம்மாள் என்ற அம்மா வந்து இறங்கினார். மதராஸுக்கு ரயிலில் போய்க் கண் ஆபரேஷன் முடித்துவிட்டு வருகிறார். விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி நெடுக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், தரையில் கால் பட்டதும் விமானத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகன் கொட்டகையில் காத்திருந்தார்.

"சுத்திப் போங்கம்மா" என்றார் சித்தப்பா. பாழாய்ப்போன அந்தச் சொல் அன்றைக்குப் பார்த்து அந்த அம்மாவின் காதில் விழுந்தது. பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த விமானத்தைச் சுற்றிக் கும்பிடச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். நம் ஊரில் சுற்றுவதென்றால் வலமாகத்தான் சுற்றுவார்கள். வலமாகப் போனால் முதலில் மூக்கு, அதைத் தாண்டியதும் காத்தாடி.

கூப்பிய கையோடு அவர் முன்பக்கம் நடந்தார். சித்தப்பா ஓடிப்போய்க் குறுக்கே நின்று, "அங்கிட்டுப் போகாதீங்கம்மா" என்று கெஞ்சினார். அந்த அம்மா அவர் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி, விமானத்தை ஒட்டியே போனார். சித்தப்பாவின் கை நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றுவிட்டது. அதற்குமேல் நடந்ததைச் சொல்ல எனக்கு மனசில்லை.

மறுநாள் மதராஸிலிருந்து மேலதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். அவர்கள் எதிரில் மேனேஜர் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"பக்கத்துலதானடா நின்னே? கையப் புடிச்சு இழுக்க வேண்டியதுதானே?"

"தொடக் கூடாதுன்னு நீங்கதாங்க சொன்னீங்க."

"உயிர் போறப்பகூடவாடா?"

"அப்ப மட்டும் தொடலாம்னு சொல்லலீங்களே."

மேனேஜரின் முகம் கறுத்துப்போனது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, சித்தப்பாவின் கழுத்தைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். அவரைத் தொட அன்றைக்கு மேனேஜருக்குக் கொஞ்சமும் கூசவில்லை.