மாமாவின் பல்வலி

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், கேரளாவோடு வந்த அணைத் தண்ணீர்ப் பிரச்சினையில் எங்கள் பள்ளத்தாக்கில் பஸ்கள் நின்றுபோயின. உத்தமபாளையம் பஸ் நிலையத்தில் நாய்கள்தான் படுத்துக் கிடந்தன. பள்ளிக்கூடமும் இல்லாததால், தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் கொஞ்ச நாள் நீடித்தால் நல்லது என்று எனக்கு இருந்தது.

அப்போதுதான் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்குத் தேனி ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை மிகவும் சிறியதாக இருப்பதாகவும், அதன் அப்பாவைச் சீக்கிரம் வரச் சொல்லும்படியும் போன் வந்தது. அத்தையைக் கட்டிய மாமா மலைக்கு அந்தப் பக்கம், கேரளாக்காரர். எல்லையை மூடியிருந்ததால் மலைப்பாதையில் நடந்தே இறங்கி, மறுநாள் காலை ஒரு பால் வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் முறுக்கைக் கடித்துக்கொண்டு காபி குடித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பல்வலி வந்தது.

அம்மா அவர் கன்னத்தில் பஞ்சை அடக்கி, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டினாள். என்னிடம், “யாரு என்ன கேட்டாலும் மாமாவுக்குப் பல்வலின்னு சொல்லு. அவுக வாயத் தொறக்க மாட்டாக” என்றாள்.

“இவள எதுக்குக் கூட்டிட்டுப் போறீக?” என்று அவளே அப்பாவிடம் கேட்டாள்.

“இவ முன்னால உக்காந்திருந்தா வழி விடுவாக.”

எனக்கு ஊரில் இவ்வளவு செல்வாக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சின்னமனூரை நெருங்கும்போது ரோட்டின் குறுக்கே டிராக்டர்கள் நின்றன. டயர் எரிந்த கரும்புகைக்கு நடுவே பெரிய கூட்டம். முந்தின நாள் அப்பாவும் இதே போன்ற கூட்டத்தில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தவர்தான். எங்களுக்கும் வயல் இருந்தது. ஆனால் இப்போது தூரத்திலேயே வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

“எங்க போறீக?”

“தேனி ஆஸ்பத்திரிக்கு.”

“பின்னால இருக்கவரு யாரு? எந்த ஊரு?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எங்க மாமா. அவுகளுக்குப் பல்வலி.” மாமாமேல் இருந்த இரக்கத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். “பாவம், மலையில இருந்து நடந்தே வந்தாக.”

“மலையில இருந்தா?” என்றான் ஒருத்தன். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். யாரோ வண்டியைப் பிடித்து உலுக்கினார்கள். சுட்டுக்கொண்டிருந்த சைலன்சரில் மாமாவின் கால் பட்டுவிட்டது.

“எண்டம்மே!”

கூச்சலில் மாமாவின் அந்த மலையாளம் நிறையப் பேருக்குக் கேட்டிருக்காது. ஆனால் பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் பக்கத்திலேயே நின்றார். அவர் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமாவின் தாடையைப் பிடித்துத் தூக்கி, பஞ்சு அடைத்த கன்னத்தை அமுக்கிப் பார்த்தார்.

“ஏலே, உள்ள சீழ் வச்சிருக்கு. வலியில என்னமோ ஒளறுறாரு. தள்ளுங்கப்பா, வழிய விடுங்க!”

ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கூட்டம் முடியும்வரை எங்களோடு நடந்து வந்தார். அங்கே நின்று மெதுவாக, “என்ன வெசயம்?” என்று கேட்டார்.

“தங்கச்சிக்குப் புள்ள பெறந்திருக்குய்யா. கொறமாசம். இவரு இன்னும் மொகத்தக்கூடப் பாக்கல.”

அவர் நழுவியிருந்த மாமாவின் துண்டை இழுத்து இறுக்கிக் கட்டினார். “வீரபாண்டியிலயும் ஆளுக நிக்காக. அங்கனயும் பல்வலின்னே சொல்லுங்க” என்றார். திரும்பிப் போனவர் கோஷம் போடத் தொடங்கினார். எங்களுக்குப் பின்னால் வெகுதூரம் வரைக்கும் அவர் குரல்தான் தனியாகக் கேட்டது. மாமாவுக்கு உதவியவரே மறுபடியும் ஏன் அவ்வளவு கோபமாகக் கத்துகிறார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தையின் அறை தெருவைப் பார்த்து இருந்தது. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார். அதைக் கேட்டதும் அப்பா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா துண்டை அவிழ்த்தார், பஞ்சைத் துப்பினார். குழந்தையை இரண்டு கைகளிலும் வாங்கி, அதன் காதருகே குனிந்து, “மோளே… எண்டெ மோளே…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. காலையிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் அவர் பாஷையில் அதனிடம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. பல்வலி இவ்வளவு சீக்கிரம் போனது ஆச்சரியமாக இருந்தது.

கீழே தெருவில் அதே கோஷத்தோடு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அத்தை தையல் வலியோடு கட்டிலிலிருந்து இறங்கினாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொண்டி போட்டாள். கரண்ட் இல்லை, அறை வெந்தது. எங்கள் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

பச்சைப்பிள்ளைக்குக் காற்று ஆகாது போல என்று நினைத்துக்கொண்டேன்.